பதினேழாம் நம்பர் குழாய்

குற்றாலத்தில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். மூன்று மைல் இந்தப் பக்கம், தென்காசியில், என் வீட்டுக் குழாய் புஸ்ஸென்று காற்றைக் கக்கிக்கொண்டிருக்கும். இதில் கூத்து என்னவென்றால், என் வீட்டுக்காரர் நமசிவாயம்தான் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற இன்ஜினியர்.

எங்கள் தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. காரணம் குழி. குழாயில் தண்ணீர் ஏறி வரவில்லையா? வாசலுக்குள் ஒரு முழம் பள்ளம் தோண்டிக் குழாயை உள்ளே இறக்கிவிட்டால், தண்ணீர் தானாக இறங்கி வரும். முதலில் தோண்டியது எதிர்வீட்டு வடிவம்மாள். அவள் ஒரு முழம் தோண்டினால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அவள் ஒன்றரை முழம். அதற்கடுத்தவள் இரண்டு முழம். இப்படியே தெருவெல்லாம் குழி. எவள் குழி ஆழமோ அவள் குடம்தான் முதலில் நிறையும்.

குழி தோண்டினால் கனெக்‌ஷனை வெட்டிவிடுவார்கள் என்பது சட்டம். அதனால் தண்ணீர் பிடித்து முடித்ததும், ஆள் வந்துவிட்டால் குடம் உள்ளே நிறையும்போதே, குழி மேல் கடப்பாக் கல்லைத் தள்ளி மூடி, கல் மேல் கோலம் போட்டுவிடுவார்கள். முனிசிபாலிட்டியிலிருந்து யார் வந்தாலும் வாசலில் கோலம்தான் தெரியும். கோலத்தை மிதித்துச் சோதனை போட எந்த ஆம்பளைக்குக் கால் வரும்?

இன்ஜினியர் பெண்டாட்டி குழி தோண்ட முடியுமா? முடியாது. ஆகவே கோமதியம்மாளாகிய நான், தினமும் விடிகாலையில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவம்மாள் வாசலில் நின்றேன்.

"வாங்க மதினி. நீங்க போயி எங்கிட்ட தண்ணி கேக்குதிய பாத்தியளா, கலிகாலம்" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும். அங்கேயும் அவளுக்குக் குழிதான். அவள் புருஷன் நல்லக்கண்ணு ராணுவத்தில், எங்கேயோ பனிமலையில் இருந்தான். இவள் நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாகத் தெருவையே ஆண்டுகொண்டிருந்தாள். நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வீட்டுக் குழாயில் என் குடத்தை நிறைத்துவிட்டால் போதும் என்றிருந்தேன். அவள் வாசலை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வருஷம், எண்பத்தேழில், அவருக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. மதுரையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் இருந்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு குழாயின் அகலம், புதைத்த வருஷம், தரையின் உயரம், வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் துளை போட்ட நீளக் காகிதம் ஒரு கட்டு வரும். முச்சந்திக்கு முச்சந்தி ஒரு நம்பர். எந்த நம்பரில் எவ்வளவு தண்ணீர் வரும், எந்தக் குழாய் செத்துக்கொண்டிருக்கிறது, எதை முதலில் மாற்ற வேண்டும் என்று மெஷின் சொல்லிவிடுமாம்.

"ஊர் மொத்தமும் இந்தக் காகிதத்துல ஓடுது பாத்தியா" என்பார்.

"நம்ம வீட்டுல ஓடலையே."

"கணக்குப்படி நம்ம வீட்டுலயும் வரணும். வருது."

"காகிதத்துல வருது. குடத்துல வரலியே" என்றால் காகிதத்தை மடித்து வைத்துவிடுவார். அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற யோசனையே கிடையாது. குளிக்க அண்டாவில் இருக்கும், குடிக்கச் செம்பில் இருக்கும். எப்படி வந்தது என்று கேட்கிற ஆம்பளை எங்கே இருக்கிறான்?

கணக்கு சரியா என்று பார்க்க அங்கங்கே தெருக்குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவுக்குப் பதினேழாம் நம்பர். பதினேழாம் நம்பர் தெருக்குழாய் எங்கே இருக்கிறது? வடிவம்மாள் வீட்டு மதிலை ஒட்டி. போதாதா?

தினமும் காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஜன்னலில் நிற்பேன். அவர் அங்கே குத்துக்கால் வைத்து உட்காருவார். அவள் குழாயை ஓடவிட்டபடியே குழியை மூடிக் கோலம் போட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி டம்ளரில் காப்பியோடு வருவாள். "அண்ணாச்சி, இன்னிக்கி முள்ளு எங்கன நிக்குது?" என்று குனிந்து பார்ப்பாள். அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டால் ஆயிற்றா? என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனுஷர் அவளுக்கு முள் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று பாடம் எடுப்பார். வெளியே சாரல் தூறிக்கொண்டிருக்கும், உள்ளே எனக்குக் கோடைக்காலம்.

சாப்பிட உட்கார்ந்தாலும் பதினேழுதான்.

"எல்லா நம்பரும் ஒத்துப் போவுது. பதினேழு மட்டும் ஒத்து வரமாட்டேங்குது. மெஷின் சொல்லுததுல பாதிகூட முள்ளு ஏறல. என்னன்னே புரியல."

எனக்குப் புரிந்தது. மெஷினிடம் குழாய்களெல்லாம் தரைக்கு மேலே இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். குழாய்களோ பாதாளத்தில் இருந்தன. தண்ணீரெல்லாம் குழிக்குள் இறங்கிவிட்டால் முள் எப்படி ஏறும்? ஆனால் சொன்னால் என்ன ஆகும்? தெருவே என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று காறித் துப்பும். அதைவிட, ஒரு குடம் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? வாயை மூடிக்கொண்டு ரசத்தை ஊற்றினேன்.

ஆடி மாதம் திருநெல்வேலியிலிருந்து பெரிய இன்ஜினியர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். சாரல் காலத்தில் தென்காசிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வைக்காத அதிகாரி உண்டா? முதல் நாள் முழுக்க எண்ணெய் தேய்த்து அருவியில் கிடந்துவிட்டு, மறுநாள் காலை, கண்ணெல்லாம் சிவந்து, எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். இவர் காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான் ஜன்னலில்.

தெருக்குழாயில் மீட்டரை மாட்டினார்கள். முள் வழக்கம்போல் கீழேயே கிடந்தது. பெரியவர் காகிதத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார்.

"என்ன நமசிவாயம், மெஷின் ஒண்ணு சொல்லுது, தண்ணி ஒண்ணு சொல்லுது. இந்த ஒரு தெருவே தப்புன்னா மத்ததை எப்படி நம்பறது? இதுக்கா மாசாமாசம் மதுரைக்குப் போனீரு? எல்லாத்தையும் சுருட்டி வையும். பழையபடி எந்தக் குழாய் உடையுதோ அதை மாத்துவோம்."

இவர் முகம் செத்துப்போயிற்று. அத்தனை மாத உழைப்பு. எனக்கே பாவமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு போகலாமா என்று நான் நினைப்பதற்குள் அந்த மகராசி முந்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, மனச விட்டுராதிய. ஒங்களுக்குத் தெரியாத கணக்கா? இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எவ்வளவு நன்றி அந்தப் பார்வையில்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கணக்கைக் கெடுத்தவள் இவள். காப்பி கொடுப்பவளும் இவளா? என் புருஷனைத் தேற்ற இவள் யார்?

குடத்தை எடுத்தேன். தெருவைக் கடந்தேன். பெரியவர், இவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அவள் வாசலுக்குள் நுழைந்து, கோலத்தின் நடுவில் கால் வைத்து நின்றேன்.

"மதினி, நேத்து மாதிரி ஒரு கொடம் தண்ணி பிடிச்சுக்கிடுதேன்" என்றேன். குனிந்து கல்லை ஒரு தள்ளு தள்ளினேன். தினமும் பார்த்துப் பழகியதுதானே, எந்தப் பக்கம் நகரும் என்று எனக்குத் தெரியாதா? கோலம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே இரண்டரை முழ ஆழத்தில் அவள் குடம் நிறைந்து, தண்ணீர் வழிந்து களகளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வடிவம்மாள் வெறும் டம்ளரோடு நின்றாள். அவள் கன்னத்தில் அன்றைக்குக் குழி விழவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது.

வீட்டுக்கு வந்து, இவர் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். நீங்க குளிக்கிறது, குடிக்கிறது எல்லாம் அந்தக் குழித் தண்ணிதான். அவ குடுத்த காப்பியும் அதுதான்."

திட்டுவார் என்று பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"மத்த வீட்டுலயும் உண்டா? எது எது எவ்வளவு ஆழம், சொல்லு பாப்போம்."

சொன்னேன். எனக்கா தெரியாது? யார் குழி எத்தனை முழம், யார் போன மாசம் இன்னும் ஒரு சாண் இறக்கினாள், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறாமைப்படுகிறவளைவிட நன்றாக அளந்து வைத்திருப்பவள் யார்? அவர் கேட்கக் கேட்க நான் சொல்ல, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கல்யாணமாகி அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த ஆழங்களையும் எழுதிக் கொடுத்த பிறகு மதுரையிலிருந்து வந்த காகிதத்தில் பதினேழு ஒத்துப்போயிற்று. பெரியவர் இவர் தோளில் தட்டிக்கொடுத்தாராம். தெரு மொத்தமும் தோண்டியிருந்ததால் யார் கனெக்‌ஷனையும் வெட்டாமல், ஆட்கள் வந்து குழிகளை மட்டும் மூடினார்கள். தெருவில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகட்டும். மறுநாள் காலை என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. விரல் பருமன்தான், ஆனால் என் தண்ணீர். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

எதிர்வரிசையில் கடைசி வீட்டுக்குச் சொட்டுக்கூட வரவில்லை. கடைசி வீடு எது? எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, வடிவம்மாள் வீடுதான். இப்போது யார் வாசலில் யார் குடத்தோடு நிற்பார்கள் பார்ப்போம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று மெஷினிடமும் கேட்டிருக்கிறார்கள். எதிர்வரிசைக்கு வெள்ளைக்காரன் காலத்துப் பழைய குழாய். உள்ளே துரு ஏறி ஊசித் துவாரம்தான் மிச்சம். ஊரிலேயே முதலில் மாற்ற வேண்டியது அதுதான் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அவள் திமிருக்குக் குழி தோண்டவில்லை, தண்ணீர் வராமல்தான் தோண்டினாள் என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார். அந்த வருஷம் ஊரில் ஒரு தெருவுக்குத்தான் புதுக்குழாய். எங்கள் தெருவில், எதிர்வரிசைக்குப் போட்டார்கள்.

வடிவம்மாள் வீட்டில் இடுப்பு உயரத்தில் குழாய். திறந்தால் சடசடவென்று வாளியை உதைத்துக்கொண்டு விழுகிறது.

"மதினி, நீங்க மட்டும் அன்னிக்கி கல்லத் தள்ளாட்டா எனக்கு இந்தக் குழாய் வந்திருக்குமா? ஒரு கொடத்த எடுத்துட்டு வாங்க, ரெண்டு நிமிசத்துல ரொம்பிரும்" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். கன்னத்தில் குழி.

நான் போகவில்லை. விரல் பருமனுக்குக் கீழே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இவர் வெளியே கிளம்ப மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புதுக்குழாய் போட்டாச்சே. இன்னும் எதுக்கு அங்க?"

"புதுசு இல்லையா. எப்பிடி ஓடுதுன்னு கொஞ்ச நாளைக்குப் பாக்கணும்."

"இந்தப் பக்கத்துக் குழாய எப்ப மாத்துவிய? ஒங்க மெஷின்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

அவர் காகிதக் கட்டைப் பிரித்து, விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு வரியில் நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"நம்ம குழாய்க்கு ஒரு கொறையும் இல்ல. நல்ல குழாய். இன்னும் இருவது வருசத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு பதினேழுக்குக் கிளம்பினார்.