இருபது டிகிரிக்கான கால்சட்டை

வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக இரண்டு கறுப்புக் கால்சட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஷ்யாமளா அந்த விளையாட்டுச் சாமான் கடையில் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. சுருங்கிக் கிடக்கும்போது பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் போகும் என்று தோன்றியது. இழுத்தால் ஆள் உயரத்துக்கு நீண்டன. ஒன்றின் உள்பக்கம் பூனையின் வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. இன்னொன்றில் தொடைக்கு முன்பக்கம் மட்டும் காற்றுப் புகாத துணி, பின்பக்கம் மெல்லிசு. சுவரில் இன்னும் ஏழெட்டு வகை தொங்கின. உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்தது, தைக்காதது, தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டி உள்ளது, குதிகாலுக்கு அடியில் மாட்டும் வளையம் உள்ளது. ஒரு பொட்டலத்தில் இடுப்பே இல்லாமல் வெறும் இரண்டு துணிக்குழாய்கள் மட்டும் இருந்தன. அதைப் போட்டுக்கொண்டால் கீழே நழுவாமல் எது பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குப் புரியவில்லை.

நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த கடைப் பெண்மணி இரண்டாவது முறையாக வந்தாள். சைக்கிளில் எவ்வளவு தூரம், எவ்வளவு குளிரில், வேகமாக மிதிப்பீர்களா, உங்களுக்குச் சீக்கிரம் வியர்க்குமா என்று கேட்டாள். நாலு மைல், காலையில் இருபது டிகிரி என்று ஷ்யாமளா சொன்னாள். முப்பத்திரண்டிலேயே தண்ணீர் உறைந்துபோகிற அமெரிக்கக் கணக்கில் இருபது. மற்ற இரண்டு கேள்விகளுக்கு அவளிடம் பதில் இல்லை. ஈரோட்டில் அவளுக்கு வியர்க்கும். நியூ ஜெர்சி டிசம்பரில் வியர்க்குமா என்று யாரும் கேட்டதில்லை. வீட்டைவிட்டு இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் அதிகமாக உடுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம், முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் குளிர வேண்டும் என்றாள் அந்தப் பெண்மணி. குளிரக்கூடாது என்றுதானே வாங்க வந்தேன் என்று ஷ்யாமளா கேட்க நினைத்துக் கேட்காமல் தலையாட்டினாள்.

மூன்று வாரமாக அவள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டாள். சுடிதார் பாட்டத்தைக் கணுக்காலில் ஊக்கு குத்தி ஓட்டியதில் இரண்டாம் நாளே அது சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. ஜீன்ஸில் போனால் காற்று நூலிழைகளுக்கு நடுவே புகுந்து தொடையை மரக்க வைத்தது. ஆபீஸ் பாத்ரூமில் வெந்நீரில் நனைத்த காகிதத் துண்டை வைத்துத் தேய்த்தால் செக்கச்செவேலென்று ஆகி ஊசி குத்தியது. ஜீன்ஸுக்குள், கணவன் பாலு குளிருக்கு உள்ளே போடும் தெர்மலைப் போட்டாள். முழங்கால் மடங்கவில்லை. பாதித் தூரத்தில் உள்ளே வியர்த்து, சிக்னலில் நிற்கும்போது அந்த ஈரமே சில்லிட்டு ஒட்டிக்கொண்டது. குளிரைவிட அது மோசம்.

கால்சட்டையில் தொங்கிய சீட்டை மறுபடி படித்தாள். எழுத்துகள் தெரிந்தன. என்ன சொல்கின்றன என்பது மட்டும் மனதில் ஏறவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலையும் இப்படித்தான். சமையலறையில் துவரம்பருப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள், அதன் மேலிருந்த எழுத்துகளைப் பார்த்தாள், அவற்றுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. அடுத்து அவளுக்குத் தெரிந்தது தரையும், கன்னத்தில் ஒட்டியிருந்த பருப்பும், பாலுவின் முகமும்தான். அக்டோபரில் இன்னொரு முறை. டாக்டர் அதற்கு வைத்த ஆங்கிலப் பெயரையோ வலிப்பு என்ற தமிழ்ச் சொல்லையோ வீட்டில் இருவரும் சொல்வதில்லை. "அன்னிக்கு நடந்தது" என்பார்கள். மாத்திரை கொடுத்து, நான் சொல்லும்வரை கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து, குழம்பினால் குழப்பத்தையே அவள் நம்புவதில்லை. இது எல்லோருக்கும் வருவதா, அதற்கு முன்னால் வருவதா? சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொன்னாள். ஏழு வரை தடையில்லாமல் வந்தது, தொண்ணூற்றொன்று. எட்டு வரவில்லை. மறந்துவிட்டதா, பள்ளிக்கூடத்திலேயே ஒழுங்காகத் தெரியாதா என்று நினைவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கடையில் கால்சட்டை வாங்க வந்த ஒரு முப்பத்து நாலு வயதுப் பெண்ணின் முகமாகத்தான் இருந்தது. இரண்டையும் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தாள்.

பிஸ்காட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பது அந்தக் கம்பெனிதான். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. பாலு என்கிற பாலசுப்ரமணியன் ஹார்ட்ஃபோர்டில் ஒரு வங்கிக்கு, இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தடுமாறாமல் இருக்கும்படி புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தான். திங்கள் விடியுமுன் போனால் வெள்ளி இரவுதான் வருவான். ஜனவரிக்குப் பிறகு அவனுக்கு அந்த வேலை இருக்குமா என்பது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த கண்மணிதான் நவம்பர் பாதிவரை அவளைத் தன் காரில் ஆபீஸுக்கு அழைத்துப் போனாள். பிறகு கண்மணியின் கணவனுக்குப் பிளானோவில் வேலை கிடைத்து அவர்கள் டெக்சஸ் போய்விட்டார்கள். போகும்போது பால்கனியில் கிடந்த சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனாள். கண்மணி போனதை ஷ்யாமளா பாலுவிடம் சொல்லவில்லை. முதல் வாரம் போனில் சொல்ல வேண்டாமே என்று விட்டாள். அடுத்த வாரம், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாலு மத்தியானமே வந்துவிட்டான். ஷ்யாமளா ஆறு மணிக்கு வந்து சைக்கிளை அடித்தளத்து லாண்டரி ரூமில் நிறுத்திவிட்டு மேலே ஏறி, கதவைத் திறந்தபோது அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். எதிரே டீப்பாயின் மேல், காலையில் அவள் துவைத்துக் குளியலறையில் காயப்போட்டிருந்த மெத்தென்ற கால்சட்டை. அவள் உடம்பில் இருந்தது மற்றொன்று. மேலே தொடைவரை சுடிதார் டாப்ஸ், அதற்கு மேல் கோட்டு, கீழே கறுப்பாக ஒட்டிப் பிடித்த இரண்டு கால்கள். அவன் கால்களைப் பார்த்தான், பிறகு ஹெல்மெட்டைப் பார்த்தான்.

"ஜிம்முக்குப் போறியோன்னு நெனச்சேன்," என்றான்.

"இல்லீங்க. கண்மணி போயிட்டா. பிளானோவுக்கு."

"எப்போ?"

"தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு முன்னாடி."

அவன் மனதுக்குள் வாரங்களைக் கூட்டுவது தெரிந்தது. "அன்னிக்கு நடந்தது ரோட்ல நடந்துச்சுன்னா?"

"கார்ல நடந்தா வேற யாரையாவது இடிச்சுருவேன். இதுல நான் மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் எப்படி விழும் என்று அவளுக்கு உறைத்தது. பாலு எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தான்.

"டாக்டர் சைக்கிள் ஓட்டலாம்னு சொன்னாரா?"

"சைக்கிளப் பத்தி அவர் எதுவும் சொல்லல."

"நீ கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிருவாரு."

அவனுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் அவளும் பதிலுக்குப் பேசியிருப்பாள். அவன் அந்தக் கால்சட்டையை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தான். "டாக்ஸி சொல்லிக்கலாமே," என்றான். தினமும் டாக்ஸியில் வந்து இறங்கினால் ஏன் என்று கேட்பார்கள், சைக்கிள் என்றால் எக்சர்சைஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள், மேனேஜர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் இருவருக்குமே எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடுக்குப் போய்க் காய்கறி வாங்கினார்கள். கடை வாசலில் ஒருவர் சைக்கிளில் போனபோது பாலு தலையைத் திருப்பி அவருடைய கால்களையே பார்த்தான். ஞாயிறு காலை அவள் எழுந்தபோது அவன் வீட்டில் இல்லை. கார் கீழே நின்றது. லாண்டரி ரூமில் சைக்கிள் இல்லை. ஒரு மணி நேரம் அவள் ஜன்னலருகே நின்றாள். அவன் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். வாரம் முழுவதும் ஹார்ட்ஃபோர்டில் இருந்துகொண்டு, அவள் போனை எடுக்கத் தாமதமானால் அவனும் இதைத்தான் யோசிப்பானோ என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்காமல் காபி போட்டாள்.

அவன் ஆபீஸ் பேண்டை சாக்ஸுக்குள் செருகியபடி வந்தான். மூக்கும் காதும் சிவந்திருந்தன. கதவைக்கூடச் சாத்தாமல் ஹீட்டர் ஓரமாகப் போய் நின்று இரண்டு கைகளாலும் தொடையைத் தேய்த்தான்.

"ரயில்வே பிரிட்ஜுக்குக் கீழ ஓரத்துல ஒதுங்க ஷோல்டரே இல்ல," என்றான்.

"தெரியும். அங்க எறங்கித் தள்ளிட்டுப் போயிருவேன்."

"ட்ரக்குக்காரன் ஒருத்தன் ஒட்டி வந்தான்."

"காலைல ஆறரைக்கு அவ்வளவு ட்ரக் இருக்காது."

"தொடை இருக்கான்னே தெரியல எனக்கு." போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "போகாதன்னு சொல்லணும்னுதான் கிளம்புனேன்," என்றான்.

"இப்போ?"

"தெரியல." காபியை வாங்கிக்கொண்டான். "டாக்டருக்குப் போன் பண்ணிக் கேளு."

"கேக்குறேன்."

அவள் கேட்பாளா என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேட்பாளா என்று அவளுக்கும் தெரியவில்லை.

திங்கள் விடியுமுன் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. ஆபீஸுக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னான். கார்ச் சாவியை எடுத்து, "வா, விட்டுட்டுப் போறேன்," என்றான். அவள் மெத்தென்றதைப் போடுவதா, காற்றுப் புகாததைப் போடுவதா என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவில் பதினெட்டு டிகிரி என்றார்கள்.

"இன்னிக்கு நீங்க விட்டுருவீங்க. நாளைக்கு?"

அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அவள் காற்றுப் புகாததை எடுத்தாள், வைத்தாள், மெத்தென்றதைப் போட்டுக்கொண்டாள், அதன் மேல் மற்றதையும் இழுத்துவிட்டாள். இடுப்பில் இரண்டும் சேர்ந்து இறுக்கின. வெளியே இறங்கியபோது கதகதப்பாக இருந்தது. கடைப் பெண்மணியின் கணக்குப்படி அது தப்பு.

ஆறரைக்கு இன்னும் இருட்டு விலகவில்லை. முதல் திருப்பம் தாண்டியபோதுதான் பின்னால் கார் வருவதைக் கவனித்தாள். முந்திப் போகட்டும் என்று ஓரத்துக்கு ஒதுங்கினாள். அது முந்தவில்லை. சத்தத்தை வைத்தே தங்கள் கார்தான் என்று தெரிந்தது. சைக்கிள் வேகத்துக்கு ஊர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், பிறகு கத்திவிட்டு முந்திப் போனார்கள். நின்று, போங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். நின்றால் அவனும் நிற்பான். காவலுக்கு வருகிறானா, விழுகிற நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க வருகிறானா, அவனுக்கே தெரிந்துதான் வருகிறானா என்று யோசித்து ஒரு முடிவுக்கும் வராமல் மிதித்தாள். தொடையில் குளிர் இல்லை. முழங்கால் மடங்கியது. ஹெட்லைட் வெளிச்சத்தில் அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் சாலையில் விழுந்து, ஓரத்து உறைபனி மேல் ஏறி இறங்கி, மர உயரத்துக்கு நீண்ட இரண்டு கால்களால் ரயில்வே பாலத்தை நோக்கி மிதித்துக்கொண்டே போயிற்று.