எழுபது வளைவுக்குக் கீழே ஒரு ‘பரவால்லீங்க’

மலைமேல் இருக்கிற அரியூர் நாட்டில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவார்கள். “இப்ப எப்படிக் கண்ணு?” என்று கேட்பார்கள். “பரவால்லீங்க” என்று சொல்ல வேண்டும். வேறு பதில் சொன்னால் பழம் கொண்டுவந்தவர் லேசில் எழுந்து போகமாட்டார். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து ரஞ்சிதா இந்தச் சொல்லை ஒருவருக்கும் குறை வைக்காமல் சொல்லிவந்தாள். எவ்வளவு நன்றாகச் சொன்னாள் என்றால், மாமியார் பழனியம்மாள் அதை நம்பி, கிழங்கு மூட்டைக்கு ஒரு கை கொடுக்கக் கூப்பிட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் குழாயிலேயே தங்கி வளர்ந்து, ஒருநாள் குழாய் வெடித்து, ரஞ்சிதா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸில் மலையிறக்கி நாமக்கல் கொண்டுபோய், வயிற்றைத் திறந்து, குழாயோடு எடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துக்குப் பழனியம்மாள் சொன்ன விளக்கம் இன்னும் சுருக்கம்: “ஊரு வந்து சேராம பாதி வளைவுலயே நின்னுபோச்சுங்க.” மலையேறும் பஸ் அடிக்கடி செய்கிற காரியம் என்பதால் எல்லோருக்கும் உடனே புரிந்தது. ரஞ்சிதாவுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் சுருக்கென்று இழுத்தது. அழுதாள். அதற்கும் இழுத்தது. அப்புறம் எதிலும் சேராத ஒரு முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினாள்.

தையல் காய்ந்துவிட்டது, வலி காயவில்லை. குனிந்தால் வலப்பக்கம் யாரோ உள்ளேயிருந்து முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. தழும்பைப் பார்த்த பழனியம்மாள், வெளியே இத்தனை அழகாக ஆறியிருக்கும்போது உள்ளே மட்டும் என்ன வலி என்றாள். கேட்டுக் கேட்டு ரஞ்சிதாவுக்கே, நாம்தான் கற்பனை செய்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் வாயால் ‘வலி இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை வரவேண்டும். அதற்காகவே நாமக்கல் போவதென்று முடிவு செய்தாள்.

இடையில் எழுபது வளைவுகள் இருந்தன. அவள் கணவன் சுபாஷ் வாழைத்தார் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவன். அவன் இறக்கும் லோடில் ஒரு காய்கூடக் கன்றியிருக்காது என்று சந்தையில் பேர். அந்தப் பேரை மனைவி விஷயத்திலும் காப்பாற்றப் பார்த்தான். வாழைச்சருகு அடைத்த சாக்குகளை முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு இரண்டு, மடிமேல் ஒன்று என்று வைத்து, அவளை நடுவில் இறுக்கினான். ஜன்னலோரம் பழனியம்மாள்.

“கயிறு போடலீங்களா?” என்று ரஞ்சிதா கேட்டாள். அவன் அதையும் யோசித்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

சருகில் எறும்பு இருந்தது முதல் வளைவிலேயே தெரிந்துபோயிற்று. வாழைத்தாரை எறும்பு கடித்தால் தார் வாய் திறந்து சொல்வதில்லை, அதனால் தனக்குத் தெரியாமல் போயிற்று என்று சுபாஷ் வருத்தப்பட்டான். சாக்குகளைப் பின்னால் தூக்கிப் போட்டபின், ரஞ்சிதாவுக்குப் பிடித்துக்கொள்ள மாமியாரின் கை ஒன்றுதான் மிஞ்சியது. சுபாஷ் கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு வளைவுக்கும் குரல் கொடுத்தான். குரல் வந்ததும் அவள் அந்தக் கையை நெரித்தாள். பழனியம்மாள் வாயே திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாந்திக்குப் பயந்து மலையிறங்கும்போது அவள் எப்போதும் அப்படித்தான் வருவாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ரஞ்சிதா மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். குனிந்தால் வலி, இருமினால் வலி, படுத்துப் புரண்டால் வலி. ஒன்றையும் விடக்கூடாது. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு, “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“பரவால்லீங்க” என்றாள் ரஞ்சிதா.

சொன்னது தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. கையில் வாழைப்பழச் சீப்பு இல்லை என்பதைத் தவிர டாக்டரம்மா அசல் விருந்தாளிபோலவே திருப்தியாகத் தலையாட்டி, அடுத்த ஆளுக்கு மணியடிக்கக் கையை நீட்டினார். எழுபது வளைவு, எறும்புக்கடி, ஒத்திகை எல்லாம் ஒரே சொல்லில் போயிற்று.

“செத்த இருங்க டாக்டரம்மா.” பின்னால் நின்ற பழனியம்மாள் முன்னால் வந்து தன் வலது கையை மேசைமேல் வைத்தாள். விரல்கள் வீங்கி, புறங்கை முழுக்க நகத்தடம் பிறை பிறையாகப் பதிந்திருந்தது.

“உங்களுக்கு என்னம்மா ஆச்சு?”

“எனக்கொண்ணும் இல்லீங்க. இது அவ வலிங்க. வளைவுக்கு வளைவு எம்பட கையில குடுத்துட்டே வந்தா. நான் நம்பாமத்தான் இருந்தேன். பொய் வலி இப்படிப் புடிக்காதுங்க.”

டாக்டரம்மா ரஞ்சிதாவைப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு ஸ்கேனும் எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, உள்காயம் ஆற வெளிக்காயத்தைவிட நாளாகும், உள்தழும்பு இழுப்பதால் வருகிற நிஜமான வலிதான், மூட்டைப் பக்கமே போகக்கூடாது என்றார். ரஞ்சிதாவுக்கு அழுகை வந்தது. சுருக்கென்று இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திரும்பும்போது மலையடிவாரத்தில் சுபாஷ் வண்டியை மெதுவாக்கி, முதல் வளைவுக்குக் குரல் கொடுத்தான். ரஞ்சிதா கையைத் தன் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். பழனியம்மாள் சிரமப்பட்டு உடம்பைத் திருப்பி இடது கையை நீட்டினாள்.

“அது வீங்கிப்போச்சு சாமி. இதைப் புடி.”