தரகர் மென்ற அரிசி

அடைக்கலசாமி வீட்டு அடுப்படியில் காலையில் முதலில் கொதிப்பது காப்பித் தண்ணீர் இல்லை, அவருடைய மூத்திரம். மன்னார்குடி டாக்டர் கொடுத்த நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே நின்றால் உடம்பில் சக்கரை அடங்கியிருக்கிறது. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதற்கு மேல். செங்கல் நிறம் வந்தால் டாக்டர் முகத்தில் விழிக்கவே கூச்சப்பட வேண்டும்.

இருதயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு குழாயைத் தீயில் பிடித்தாள்.

"என்ன நிறம்?" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த அடைக்கலசாமி.

"செங்கொடிதாங்க. வாய்க்கால் மதகுல விவசாயச் சங்கத்துக்காரங்க கட்டியிருக்காங்களே, அதே சிவப்பு."

"வெளிச்சத்துல தூக்கிப் பாரு. ஆரஞ்சுன்னு சொல்லலாம்."

"நெல்லு வெலையா இது, பேசிக் கொறைக்க?"

அவர் மில்லுக்கு நெல் பிடித்துக் கொடுக்கும் தரகர். எதையும் முதல் விலைக்கு ஒத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது, தன் மூத்திரத்தின் நிறத்தையும் சேர்த்து. ஆனால் இடது காலின் பெருவிரல் பேரத்துக்கு மசியவில்லை. பக்கத்து ஊரில் அறுத்த வயலில் தாள் கட்டை குத்திய புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது. "ஈஸ்டருக்குள்ள சக்கரை எறங்கணும். இல்லைன்னா விரலை எடுத்துட்டுத்தான் காலைக் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். பெருவிரல் ஊன்றாமல் ஈர வரப்பில் நடக்க முடியாது. நடக்க முடியாத தரகனிடம் அடுத்த போகத்துக்கு யாரும் பேசி வைக்க மாட்டார்கள். அதனால் சக்கரை வந்த சங்கதி வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. செருப்புக் கடித்துவிட்டது என்றே ஊரில் சொல்லி வைத்திருந்தார்.

பத்தியத்தில் குறை சொல்ல முடியாது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் ரேஷன் கோதுமையை உடைத்துக் கிண்டியதும் சுரைக்காயும், ராத்திரிக்கு முருங்கைக்கீரை. சோறு என்ற சொல்லையே அவர் நாக்கு மறந்துகொண்டு வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவன் சோற்றை விடுவது என்றால் ஏறக்குறைய மதம் மாறுவது மாதிரி.

எதிரே உட்கார்ந்து இருதயம்மாள் சாப்பிடுவாள். அவள் கும்பகோணத்துத் தானிய மண்டிக்காரர் மகள். சாப்பாட்டில் வெட்கம் பார்க்கிற குடும்பம் இல்லை. மல்லிகைப்பூ மாதிரி சோறு, விரால் மீன் குழம்பு, பொரித்த துண்டு ஒன்று, அது முடிந்தால் இன்னொன்று. தவக்காலத்தில் இறைச்சிதான் கூடாது, மீனுக்குத் தடை இல்லை என்பது சாமியாரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். உடம்பும் சும்மா சொல்லக்கூடாது, ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

ஒருநாள் அடைக்கலசாமியின் தங்கை சகாயம்மாள் நன்னிலத்திலிருந்து வந்திருந்தாள். இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் மாட்டுத்தீவனம் திங்கிறாரு, நீங்க அவரு கண்ணு முன்னாடி மீன் தலையை உறிஞ்சுறீங்க. அந்த ஏக்கத்துலயே சக்கரை ஏறாதா?"

மறுநாளிலிருந்து இருதயம்மாள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அடைக்கலசாமி கோதுமையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"பசு மாடா உனக்கு மாப்பிள்ளை? உள்ள வா."

"எனக்கும் நாளையிலேருந்து கோதுமைதாங்க."

"அடி போடி. நீ சாப்பிடறதைப் பாக்கறதுதான் எனக்கு ஊறுகாய். வந்து உக்காரு. குழம்புல புளி எப்படி?"

"கொஞ்சம் தூக்கல்."

"மீனு?"

"காலையில புடிச்சதுங்க. முள்ளை விட்டு வழுக்கிக்கிட்டு வருது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சுரைக்காயை விழுங்கினார்.

இவ்வளவு செய்தும் குழாயில் செங்கல்தான் வந்தது. அப்படியானால் வெளியே எங்கேயோ கை நனைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. கேட்டாள். அவர் வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்தார். பொய்ச் சத்தியம் செய்கிற மனுஷன் இல்லை. ஆனால் செங்கலும் பொய் சொல்லவில்லையே.

அந்த வருஷம் அறுவடை தாமதம். மெட்ராசில் புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து, குத்தகைக்காரன் பேரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று சட்டம் போட்ட புதுசு. பேர் பதிந்தவனை மிராசுதார் வயலில் இறங்க விடவில்லை. மிராசுதார் கொண்டுவந்த ஆளைச் சங்கத்துக்காரர்கள் இறங்க விடவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்த பிறகுதான் தாசில்தார் முன்னால் ராஜி ஆயிற்று. அப்புறம் ஊரே ஒரே நாளில் அரிவாளைத் தூக்கியது. அடைக்கலசாமி விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். இருதயம்மாள் தூக்குச்சட்டியில் கோதுமையை எடுத்துக்கொண்டு, வேவு பார்க்கிற உத்தேசத்தோடு களத்துக்கே போனாள்.

முதலில் மிராசுதார் களம். அடைக்கலசாமி குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். உமியை ஊதினார். அரிசியை வாயில் போட்டுக் கடித்தார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். மென்றபடியே அடுத்த குவியலுக்குப் போனார். அங்கேயும் ஒரு பிடி. அடுத்ததிலும். வாய் ஓயவே இல்லை.

இருதயம்மாள் அவரை வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"தொறங்க."

திறந்தார்.

"அரிசிங்க அது!"

"நெல்லு பாக்குறேன்டி."

"பாக்கறது கண்ணுல. இது வாயில இருக்கு."

"தொழிலு வேற, சாப்பாடு வேற. இதை யாராவது சாப்பாடுன்னு சொல்லுவாங்களா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. இத்தனை வருஷமாக அறுவடைக் காலத்தில் மத்தியானம் பசிக்காமல் இருந்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்த மாதிரி, தன் வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தார்.

"துப்பிடுங்க இனிமே" என்றாள்.

"நெல்லுக்காரன் முன்னால துப்பக்கூடாதுடி. துப்பினா, மாட்டுக்குக்கூட ஆகாதுன்னு சொன்ன மாதிரி."

"விரலு முக்கியமா, நெல்லுக்காரன் முக்கியமா?"

அவர் வேட்டியை உதறிக்கொண்டு நடந்தார். அடுத்த களம் இராஜாங்கத்துடையது. இராஜாங்கத்தின் அப்பா அந்த மிராசுதாரிடமே பண்ணையாளாக இருந்தவர். பேர் பதிந்த பிறகு இராஜாங்கம் தன் பேரில் அறுக்கும் முதல் வெள்ளாமை இது. குவியலைச் சாணிப்பாலால் குறி போட்டு, தலைமாட்டில் ஒரு பூவும் வைத்திருந்தான். கிச்சிலிச் சம்பா, தங்கப் பொடி மாதிரி கிடந்தது.

அடைக்கலசாமி ஒரு பிடி எடுத்தார், தேய்த்தார், கடித்தார். பிறகு தலையைத் திருப்பி, கூடியமட்டும் மரியாதையாகத் துப்பினார்.

களத்தில் தூற்றிக்கொண்டிருந்த முறங்கள் நின்றன.

"தரகரே" என்றான் இராஜாங்கம். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இப்பத்தான் அந்தக் களத்துல பாத்தேன். அவரு நெல்லை முழுங்கினீங்க. என் நெல்லை மட்டும் துப்புறீங்க."

"இராஜாங்கம், அது வந்து..."

"எங்கப்பன் இதே வயல்ல மிராசுதாரு பேருல வெளைய வச்ச நெல்லை இவ்வளவு நாளும் முழுங்கினீங்க. பேரு மாறினதும் கசக்குதா?"

மண்வெட்டியைப் பிடித்திருந்த ரெண்டு பேர் கிட்டே வந்தார்கள். உண்மையைச் சொன்னால் தொழில் போகும். சொல்லாவிட்டால் இவனுடைய மானம் போகும். நின்ற இடத்தில் பெருவிரல் விண்ணென்று தெறித்தது.

அப்போது இருதயம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குவியல் பக்கம் வந்தாள். ஒரு பிடி அள்ளித் தேய்த்து, ஊதி, அப்படியே வாயில் போட்டு, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி மென்றாள். முழுங்கினாள்.

"தம்பி, உன் நெல்லுல ஒரு கொறையும் இல்லை. கொறை இவரு உடம்புல. சக்கரை வந்திருக்கு. அரிசி உள்ள போனா விரலை வெட்டணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சாரு. அந்தக் களத்துல முழுங்கினப்போ, இப்படி முழுங்குறாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மிராசுதாரு முன்னாடியே துப்ப வச்சிருப்பேன்."

இராஜாங்கம் அடைக்கலசாமியின் காலைப் பார்த்தான். துணிக்கட்டு ஈரமாக இருந்தது.

"செருப்புக் கடின்னு சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் அடைக்கலசாமி, தரையைப் பார்த்து.

"நாளைக்கு அவரு களத்துல போயித் துப்புவீங்களா?"

"துப்புறேன்."

"பாக்கணும்" என்ற இராஜாங்கத்தின் வாயோரம் லேசாகக் கோணியது. "சரி, அப்ப யாரு நெல்லைப் பாக்கறது?"

"நான்தான். மண்டிக்காரர் மக. உன் தரகரு கத்துக்கிட்டதே எங்கப்பாகிட்டத்தான்" என்றவள், இன்னொரு பிடி அள்ளினாள். "இந்தப் பக்கம் கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

"சந்தேகமா, ருசியா அக்கா?"

"ரெண்டும்தான்."

முறங்கள் மறுபடி ஆடின.

அதிலிருந்து எல்லாக் களத்துக்கும் சேர்ந்தே போனார்கள். நெல்லுக்காரன் எதிரே நல்ல காய்ந்த நெல் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அவருக்கு விலை பேச இடம் இருக்காது. அதனால் மாட்டுச் சந்தைக்காரர்கள் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தோள் துண்டுக்கு அடியில் அவள் கை போகும். ஒரு விரலை அழுத்தினால் காய்ந்த நெல், ரெண்டு விரல் என்றால் ஈரம். கல்யாணத்தன்று கோயிலில் பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர்கள் கை கோத்தது இந்த அறுவடையில்தான். சில சமயம் நெல்லைப் பார்த்து முடித்த பிறகும் துண்டு இறங்காது. சக்கரை தெரிந்ததால் எவனும் தரகரை மாற்றவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு சக்கரைக்காரர் மறைந்துகொண்டு இருந்தார் என்பதுதான் தெரிய வந்தது.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கையில், குருத்தோலை ஞாயிறன்று காலையில், பூசைக்குக் கிளம்பும் முன் இருதயம்மாள் குழாயைத் தீயில் பிடித்தாள். அடைக்கலசாமி வாசலிலிருந்து எழுந்து உள்ளேயே வந்துவிட்டார். விரல் ஓரத்தில் சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது.

"பச்சை" என்றார்.

"மஞ்சள்."

"வெளிச்சத்துல தூக்கிப் பாருடி. நாத்தங்கால் மாதிரி பச்சை."

"எதுக்கு அடி போடுறீங்கன்னு தெரியுது. மஞ்சள்தான்."

"பச்சைன்னா இன்னிக்கு ஒரு துண்டு விரால். நடுத்துண்டு."

அவள் குழாயை ஜன்னலோரம் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல" என்றாள். "வால் துண்டு."