படத்துக்குள் ஒரு தட்டு பொங்கல்

எங்கள் நகைச்சுவைத் தொடருக்குப் பின்னணியில் சிரிப்பவர்கள் ஸ்டூடியோவின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். பிரார்த்தனை முடித்துவிட்டுத்தான் சிரிக்க ஆரம்பிப்பார்கள். வானொலி நாடகம் எழுதிய காலத்திலிருந்து என் பிழைப்பு அவர்களை நம்பித்தான். இப்போது எழுதுவதும் நான், தயாரிப்பதும் நான்.

இன்று நேரலை. என் இதயம் சட்டைக்கு வெளியே வந்து குதித்தது. கைக்குட்டையால் மூடிக்கொண்டேன்.

கதாநாயகன் முதல் ஜோக்கைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதற்கு சோபா மட்டும் மரியாதைக்கு இருமியது.

சேனல் அதிகாரி ஞானசேகர் அளவு நாடாவோடு வந்தார்.

"சார், நேரா நில்லுங்க."

"எதுக்குங்க?"

"ஃப்ரேமுக்கு அளவு. அடுத்த விளம்பரத்துக்குள்ள சிரிப்பு வரலேன்னா தொடர் முடிஞ்சுது. உங்க எல்லாரையும் சுவத்துல மாட்டிடுவோம்."

சுவரில் ஏற்கெனவே வேதவல்லி அம்மா இருந்தார். மாமியாராக நடித்தவர். போன வாரம் அவர் பாத்திரத்தை முடிக்கும்படி சேனல் சொன்னது. தொடர்களின் வழக்கப்படி படம் மாட்டிச் சந்தன மாலை போட்டோம். வழக்கப்படி அவரும் உள்ளே போய்விட்டார்.

சிரிப்பவர்களிடம் ஓடினேன். அவர்களின் மூத்தவர் ஆரோக்கியம் தலை குனிந்திருந்தார்.

"ஏங்க சிரிக்கல?"

"எப்படி சார் சிரிக்கிறது? அந்தம்மா போன வாரத்துலேருந்து பட்டினி."

எனக்குத் தோன்றவே இல்லை. சமையற்கட்டுக்கு ஓடினேன். நடைபாதை நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு ரயில்வே கேட் வந்தது. குனிந்து கடந்தேன்.

சாப்பாட்டுப் பொறுப்பாளர் தன்ராஜ் கரண்டியைப் பின்னால் மறைத்தார்.

"கதையில செத்தவங்களுக்குத் தட்டு கிடையாது சார். வேணும்னா பதினாறாம் நாள் படையல் போடுறேன்."

"அப்போ என் தட்டைக் குடுங்க."

"நீங்களும் இன்னும் கொஞ்ச நேரந்தான சார்?"

"அதுவரைக்கும் இருக்கேன்ல!"

அவர் யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். பொங்கலும் இரண்டு வடையும் வைத்தார். முருகனை நினைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். நடைபாதை நான்கு எட்டில் முடிந்துவிட்டது. பொங்கலில் ஆவி பறந்தது.

ஆணியும் சுத்தியுமாக ஞானசேகர் காத்திருந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்காலியில் ஏறிப் படத்தின் கண்ணாடியைத் திறந்து தட்டை நீட்டினேன்.

"சட்னி இல்லையா?" என்றார் வேதவல்லி அம்மா.

"அவசரத்துல மறந்துட்டேம்மா."

"நல்ல தயாரிப்பாளர்!" மாலை தட்டில் விழாதபடி தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கீழே பார்த்தார். ஒரு வடையைப் பிய்த்து வெளியே நீட்டினார்.

"தம்பி, சுத்தியோட நிக்கிறியே, நீ சாப்டியா?"

ஞானசேகர் சுற்றிப் பார்த்தார். தன்னைத்தான் என்று தெரிந்ததும் காது சிவந்தது.

"இந்த வேலைக்கு வந்ததுலேருந்து யாரும் கேட்டதில்லம்மா."

"அதான் முகம் காலண்டர் அட்டை மாதிரி இருக்கு. வாயைத் திற."

அவர் திறந்தார். வடை வாயில் இருக்கும்போதே சிரித்துவிட்டார். ஆரோக்கியம் சிரித்தார். பிறகு மூன்றாம் மாடி முழுக்கச் சிரித்தது. கூரை ஒரு முழம் உயர்ந்தது. சோபா எழுந்து நின்றது.

"கட் பண்ணிடாதீங்க!" என்று கத்தினேன்.

அப்போதுதான் கேமரா லென்சிலிருந்து ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை. யார் வீட்டிலிருந்தோ ஒரு கிண்ணம் சட்னி. அதன் பின்னால் இன்னொரு கை, தயிர்ச்சோறு. அதற்கும் பின்னால் கைகள் வரிசையில் நின்றன.

"ஒவ்வொருத்தரா வாங்க, எல்லாத்தையும் வாங்கிக்கிறோம்" என்றேன். ஞானசேகர் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு இலை போட ஆரம்பித்தார்.