பத்து கிலோ பேரம்

மெத்தை விற்கிறவனுக்குத் தூக்கத்தைப் பற்றிப் பேச ஆயிரம் வார்த்தை தெரிந்திருக்கும். சின்னவருக்கு அதற்கு மேலும் தெரியும். வந்தவரை ஸ்பிரிங் மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தணித்து அவர் ஆரம்பித்தாரென்றால், விலை கேட்பதற்கு முன்னாலேயே ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மனிதரைத்தான் விடியுமுன் எழுந்து ஓடச் சொன்னார் டாக்டர்.

ஓட வேண்டியது தனக்காகக்கூட இல்லை, அண்ணனுக்காக.

கடை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கடைவீதியில் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். பெரியவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. கடைவீதி அதை நம்பவில்லை. "குடிக்காமலே குடிகாரன்னு பேர் வாங்கிட்டேன், செலவாவது மிச்சம்" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். ஆனால் கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட பிறகு சிரிப்பு குறைந்தது.

நெருங்கிய சொந்தத்தில் ஒருவருடைய கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி வைக்க வேண்டும், இரண்டு உடம்பிலும் அது திரும்ப வளர்ந்துவிடும், வேறு வழியில்லை என்றார் டாக்டர் அம்மா. அண்ணியின் ரத்தம் சேரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அக்காவுக்குச் சர்க்கரை. மிஞ்சியது சின்னவர். ரத்தம் சேர்ந்தது, மற்றதெல்லாம் சேர்ந்தது. கடையில் பாதி, ஈரலிலும் பாதி, கூட்டு வியாபாரம் என்றால் இதுவல்லவா என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தபோது ஸ்கேன் வந்தது. சின்னவரின் கல்லீரலில் கொழுப்பு. அதை அப்படியே எடுத்து வைத்தால் கொடுத்தவருக்கும் ஆபத்து, வாங்கினவருக்கும் ஆபத்து.

"உங்களுக்குக் கொழுப்புன்னு கல்யாணம் ஆன மறுநாளே எனக்குத் தெரியும், இதுக்குப் போய் ஸ்கேனா" என்றாள் சின்னவரின் மனைவி. ஆனால் சொல்லும்போது அவள் கை அண்ணியின் கையைப் பிடித்திருந்தது.

பத்து கிலோ குறைய வேண்டும் என்றார் டாக்டர். தினம் காலையில் ஓட வேண்டும், ஓட முடியாவிட்டால் மூச்சு வாங்க நடக்க வேண்டும், எண்ணெயும் இனிப்பும் பக்கத்தில் வரக்கூடாது. மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கலாம், அதற்கு மேல் பெரியவருக்கு அதிக நாள் கொடுக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

லிஃப்டில் இறங்கும்போது பெரியவர் தம்பியைப் பார்த்தார்.

"பத்துங்கறாங்க."

"ஆமாண்ணே."

"அப்ப ஆறு."

சின்னவர் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் சொன்ன விலைக்கு யாரும் எதையும் வாங்கியது கிடையாது. பெண் பார்க்கப் போனால் முகூர்த்தத் தேதியில் பேரம், செருப்புத் தைக்கக் கொடுத்தால் தையலில் பேரம். சொன்ன விலைக்குச் சரி என்றால் சொன்னவனே சந்தேகப்படுவான் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய எண்ணம். நோயாளிகள் பாதிதான் செய்வார்கள் என்று டாக்டருக்குத் தெரியாதா? தெரிந்துதானே ஏற்றிச் சொல்லியிருப்பார்? ஆறில் வந்து நின்றால் முகம் சுளித்தபடி ஒத்துக்கொள்வார். கணக்கில் ஓட்டையே இல்லை என்று தோன்றியது.

மறுநாள் இருட்டிலேயே மனைவி போர்வையை உருவினாள். புது ஷூ மாட்டிக்கொண்டு சின்னவர் தெருவில் இறங்கினார். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிப் போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பஸ் டிப்போ பின்பக்கமாகத் திரும்பி வர வேண்டும் என்பது திட்டம். முதல் விளக்குக் கம்பத்துக்கும் இரண்டாவது விளக்குக் கம்பத்துக்கும் நடுவிலேயே திட்டம் முடிந்துபோயிற்று. நெஞ்சு துருத்தி மாதிரி அடித்தது. வயிறு ஒரு தாளத்திலும் கால் வேறு தாளத்திலும் போயின. தெருக் கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, இந்த ஆளை யார் துரத்துகிறார்கள் என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

ஆனாலும் ஓடினார். கம்பத்துக்குக் கம்பம் ஓட்டம், நடுவில் நடை. ஓடி வந்து குளித்து, உப்புச் சப்பில்லாமல் எதையோ விழுங்கி, கடையைத் திறந்து, லாரியை எதிர்பார்த்து, ராத்திரி ஷட்டரை இழுக்கும்வரை நிற்க வேண்டும். விடிகாலையில் பிடுங்கப்பட்ட தூக்கம் நடுப்பகலில் வந்து பாக்கி கேட்டது. ஒருநாள் கடைக்குள்ளேயே, பார்வைக்குப் போட்டிருந்த மெத்தையில் வாய் பிளந்து உறங்கிவிட்டார். உள்ளே வந்த ஒரு தம்பதி சிறிது நேரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், பிறகு பேரமே பேசாமல் அதே மெத்தையை வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் அந்தக் கதையை ஆஸ்பத்திரி நர்ஸ் வரைக்கும் சொல்லி மகிழ்ந்தார்.

எடை பார்ப்பது கிடங்கில் இருக்கும் பார்சல் தராசில். பெரியவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். முள் கொஞ்சம் பின்வாங்கியதும், கொள்முதலில் விலை இறங்கினதுபோல இரண்டு முகங்களும் மலரும்.

வியாபாரி மூளை சும்மா இருக்குமா? மழை பெய்த காலையில் ஓட்டத்துக்குப் பதில் கடை மாடிப்படி ஏறி இறங்கியதே போதும் என்று ஆயிற்று. லாரி வந்த நாளில் மெத்தை தூக்கியதையும் ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார். கடைக்கு வாரம் ஒருநாள் லீவு இருக்கும்போது காலுக்கு மட்டும் கிடையாதா என்ற நியாயமும் வந்தது. விட்ட ஓட்டத்தை நாளைக்குச் சேர்த்து ஓடிவிடலாம் என்று தனக்குத் தானே தவணை கொடுத்துக்கொண்டார். அவ்வளவு தள்ளுபடிக்குப் பிறகும் எடை இறங்கிக்கொண்டிருந்ததால் யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆறு கிலோ குறைந்த அன்று டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பல வாரம் இருந்தது. பெரியவர் ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்து, "முடிஞ்சுதுடா, இனிமே உடம்பை வருத்திக்காதே" என்றார். மறுநாள் சின்னவர் ஆசைதீரத் தூங்கினார். அதற்கடுத்த நாளும். எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எப்போதாவது தொட்டிவரை ஒரு நடை.

"மிச்ச நாலு கிலோவை யாரு குறைப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"அது டாக்டரு குறைச்சுக்குவாங்க" என்றார்.

தேதி வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு டாக்டர் நெடுநேரம் பார்த்தார். எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டார். ஆறு என்று சின்னவர் சொன்னதும், நான் பத்து சொன்னேனே என்றார். சின்னவர் கடையில் சிரிக்கிற சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க டாக்டர்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் எதுக்கு சார் ஏத்திச் சொல்லணும்? இதுல எனக்கு என்ன வரப் போகுது?"

எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு விலையைச் சொன்னால் அதற்குக் கீழே இன்னொரு விலை ஒளிந்திருக்கும் என்று நம்பியே வளர்ந்த இரண்டு பேர், கீழே ஒன்றுமில்லை என்பதை முதல் தடவையாகப் பார்த்தார்கள். கொழுப்பு பாதி போயிருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். சொன்னபடி செய்திருந்தால் அடுத்த வாரமே தேதி குறித்திருப்பேன் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், ஆனால் உங்கள் அண்ணன் தாங்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து ஓடியது வேறு ஆள். மழை பெய்தாலும் ஓடினார், லாரி வந்து நின்றாலும் ஓடினார், கடை லீவன்றும் ஓடினார். முழங்கால் வீங்கியபோது துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். யாரிடமும் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டில் எது விழுந்ததென்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. மனைவி போர்வையை உருவ வேண்டிய வேலை போய், கொஞ்சம் படுங்க என்று கெஞ்ச வேண்டிய வேலை வந்தது.

பெரியவர் தாங்கவில்லை. வயிறு ஊதி, கை கால் குச்சியாகி, ஒருநாள் கடையில் கொள்முதல் விலையையே மறந்து நின்றார். கூடக் குறையச் சொல்லுவார், மறந்து யாரும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சின்னவர் ஓடும் வழியை மாற்றிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்கே ஓடி, மாடியேறி, வியர்வை சொட்டச் சொட்ட அண்ணன் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். அண்ணி ராத்திரி முழுக்க உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்து முகம் கழுவப் போவாள். அந்தக் கொஞ்ச நேரம் இருவரும் தனியே இருப்பார்கள். நினைவு தெளிவாக இருக்கும் காலைகளில் பெரியவர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிப் பார்ப்பார், மெத்தையில் பஞ்சு எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அழுத்திப் பார்ப்பதுபோல.

ஒரு காலை அப்படிப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"நீ சுகவாசிடா. பத்துன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் குறைச்சேன்."

சின்னவருக்கு மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை. அண்ணன் தன் சொந்த உயிருக்கான பேரத்திலேயே எதிர்த் தரப்பில், தம்பியின் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சின்னவர் அதுவரை யோசித்ததேயில்லை.

"வலிக்குமாடா வெட்டினா?" என்று பெரியவர் கேட்டார்.

"மயக்க மருந்து குடுப்பாங்கண்ணே."

"எனக்கில்ல. உனக்கு."

"எனக்கும்தாண்ணே."

பெரியவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தும் குறைந்து அதற்கு மேலும் குறைந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. வயிற்று நீரில் கிருமி சேர்ந்து பெரியவருக்கு முந்தின நாள் காய்ச்சல் கண்டிருந்தது. காய்ச்சல் இறங்காமல் வயிற்றைத் திறக்க முடியாது, இறங்கட்டும், நீங்கள் தயாராக இருங்கள் என்றார். சின்னவர் தயாராக இருந்தார். காய்ச்சல் மேலேயும் ரத்த அழுத்தம் கீழேயுமாக இழுத்தன. தினமும் ஓடிப் போய் நின்றார். ஒரு காலை அவர் மாடியேறியபோது அண்ணி நாற்காலியில் இல்லை, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து கடை திறந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சின்னவரைப் பார்த்ததும் எதைக் கேட்பதென்று குழப்பம். அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, கண்ணை அவருடைய இடுப்பில் ஓட்டி, என்ன செய்து இப்படி இளைத்தீர்கள், பத்து வயது குறைந்துவிட்டதே என்றார்கள். எதிர்க் கடைப் பாத்திரக்காரர், பேரத்தில் கல்லையே கரைக்கிறவர், அவரைத் தனியே ஓரங்கட்டி, "ரகசியத்தைச் சொல்லுங்க, என் பொண்டாட்டி உங்களைக் காட்டிக் காட்டி உசுரை எடுக்கறா" என்றார். காலையில் ஓடுகிறேன் என்று சின்னவர் சொன்னார். அவ்வளவுதானா என்று பாத்திரக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஓட்டம் நிற்கவும் இல்லை. இருட்டிலேயே விழிப்புத் தட்டிவிடும். படுத்துக்கிடக்க முடியாமல் எழுந்து போவார். கால்கள் ஆஸ்பத்திரி வழிக்கே இழுக்கும். வாசல் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவார். மூச்சு வாங்குவதுகூட நின்றுவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். அண்ணி கூப்பிட்டு அனுப்பினாள். பீரோவைத் திறந்துவைத்து, பெரியவரின் சட்டைகளை மடித்துக் கட்டில்மேல் அடுக்கியிருந்தாள். நோய்க்கு முன்னால் தைத்தவை, சில பிரித்துக்கூடப் பார்க்காதவை.

"நல்ல துணி தம்பி, வீணாப் போக வேணாம். முன்னல்லாம் உங்களுக்கு ஒரு கைகூட நுழையாது. இப்ப சரியா இருக்கும்."

அவள் குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே துணியைப் பற்றித்தான் சொல்கிறாளா என்று சின்னவர் அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ முகங்களைப் பார்த்து மனதிலிருக்கும் விலையைச் சொன்னவருக்கு அந்த முகத்தில் ஒன்றும் படிக்கக் கிடைக்கவில்லை. போட்டுப் பாருங்க என்றாள்.

நீலச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். தோள் உட்கார்ந்தது, கை நீளம் சரியாக இருந்தது. மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தவர், வயிற்றுக்கு நேரே வந்ததும் மூச்சை இழுத்து அடக்கி, பொத்தான் எட்டாமல் போகட்டும் என்பதுபோல வயிற்றை முடிந்தமட்டும் முன்னால் தள்ளினார். முகம் சிவக்கத் தள்ளிப் பார்த்தார்.

பொத்தான் சிரமமில்லாமல் துளைக்குள் நுழைந்தது. இடுப்பருகே ஒரு கை நுழைகிற அளவுக்குத் துணி மிச்சம் நின்றது.

"ஒரு பிடி பிடிச்சுத் தைக்கணும் போலிருக்கே" என்றாள் அண்ணி, பொத்தானுக்குப் பக்கத்தில் தொங்கிய துணியை இரண்டு விரலால் பிடித்து அளவு பார்த்தபடி.