சம்பந்தி தந்த சலாகைகள்

"பொருந்தாது எண்டு நான் காலமையிலை இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறன்..."

"பொருந்துதோ பொருந்தேல்லையோ, தந்தது ஆர் எண்டதைப் பாருங்கோ..."

"தந்தது ஆரெண்டு இரும்புக்குத் தெரியுமே? இது எந்தக் காருக்குச் செய்தது எண்டு..."

"...சம்பந்தி வீட்டாலை வந்த முதல் சாமான். அதைத் திருப்பி அனுப்பினால் அவை என்ன நினைப்பினம்?"

"சாமான் பிழை எண்டு நினைப்பினம். வேறை என்னத்தை நினைக்கிறது?"

"நாங்கள் பிழை எண்டு நினைப்பினம். நாளைக்கு அவை தாற தாலிக்கொடியையும் நிறுத்துப் பாத்துத் திருப்பிக் குடுப்பியளோ?"

"தாலிக்கொடியைக் காருக்கு அடியிலை பூட்டுறதில்லையப்பா!"

ஒஸ்லோ நகரத்துப் புருசெத்தில் மூன்றாம் மாடி வீடு. குலேந்திரனும் அவர் மனைவி சிவநாயகியும் வரவேற்பறையில் எதிரெதிரே நின்றார்கள். நடுவில், நல்ல சோபாவின் மேல், ஆள் நீளத்தில் இரண்டு இரும்புச் சலாகைகள் படுத்திருந்தன. வந்த அன்றே சிவநாயகி அவற்றுக்குக் கீழே கட்டில் விரிப்பொன்றை விரித்துவிட்டிருந்தாள். சம்பந்தி வீட்டுச் சாமானை வெறும் நிலத்தில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

குலேந்திரன் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். ஓட்டாத நேரத்தில் அவருக்கு ஒரு மஸ்டாங் இருந்தது. அறுபத்தெட்டாம் ஆண்டுக் கார், சிவப்பு, கூரையை மடித்துப் பின்னால் போடலாம். ஆவணியில் மகள் துஷாரா அந்தக் காரில்தான் மண்டபத்து வாசலில் வந்து இறங்குவாள் என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சொன்னதை மீளப் பெறும் வழக்கம் அவரிடம் இல்லை.

காரில் ஒரு குறை இருந்தது. கூரை நிரந்தரமாக இல்லாத காருக்கு முழுப்பலமும் அடித்தட்டில்தான். இந்தக் காரின் அடித்தட்டோ அவர் வாங்குவதற்கு முன்பே பல பனிக்காலங்களில் வீதிக்குத் தூவும் உப்பைத் தின்று துருவேறியிருந்தது. நான்கு பேர் ஏறினால் நடுப்பகுதி மெல்லத் தாழும். தாழ்ந்தால் கதவு இறுகும். இறுகினால் திறக்காது. போன வருடம் மே பதினேழு, நோர்வேயின் தேசிய தினத்தன்று, நாடே கொடி பிடித்துத் தெருவில் நின்றபோது, சிவநாயகியையும் அவள் தங்கை குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போனார். போன இடத்தில் கதவு திறக்கவில்லை. பட்டுச்சேலையோடு சிவநாயகி கதவுக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டு இறங்கினாள். எதிரே ஒரு பள்ளிக்கூடத்தின் பாண்ட் வாத்தியக் குழு நின்றிருந்தது. டிரம் அடித்துக்கொண்டிருந்த பிள்ளை அடிப்பதை நிறுத்திவிட்டது.

"அந்த மாதிரி என்ரை பிள்ளையும் தாண்டி இறங்கப் போறாளே? கூறைச்சேலையோடை?" என்று அன்றிரவு சிவநாயகி கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் குலேந்திரன் ஒரு பனிக்காலம் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்தார். எஞ்சினுக்கு மேலால் போடும் குறுக்குச் சலாகை முன்பக்கத்துக்கு மட்டும் உதவும் என்று அறிந்தார். முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் அடியால் இணைக்கும் இரட்டைச் சலாகைகள்தான் மருந்து என்று அறிந்தார். அதிலும் கூரை உள்ள காருக்கு ஒரு வகை, இல்லாத காருக்கு வேறொரு வகை. அதிலும் போல்ட்டில் பூட்டுவதைவிட வெல்டிங் செய்து ஒட்டுவது மேல். ஒட்டும்போது கார் நாலு சில்லிலும் நிற்கவேண்டும், தூக்கி வைத்து ஒட்டினால் வளைவோடு சேர்த்தே ஒட்டிவிடும். எல்லாம் முடிவாகி, ஓடர் கொடுக்க இருந்த கிழமையில்தான் சம்பந்தியின் பெட்டி வந்து சேர்ந்தது.

"எல்லாம் உங்கடை வாய்" என்றாள் சிவநாயகி. "சம்பந்தம் கதைக்க வந்த மனிசனுக்கு அடித்தட்டின்ரை கதையைச் சொன்னது ஆர்?"

"அவர் கேட்டவர்."

"கார் எப்பிடி ஓடுதோ எண்டு கேட்டவர். மரியாதைக்கு."

"நானும் மரியாதைக்குத்தான் சொன்னனான்."

"ஒரு மணித்தியாலம்! அந்த மனிசன் வடையைக் கையிலை வைச்சுக்கொண்டு தலையாட்டினது. வாயிலை வைக்க விட்டனீங்களே?"

சம்பந்தி யோகநாதன் திருகோணமலைக்காரர். நகரசபை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சத்தமே போடாத மின்சாரக் காரில் சத்தமே போடாமல் வந்து போவார். அவர் அந்த ஒரு மணித்தியாலத்தில் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: மஸ்டாங், இரும்பு, இரண்டு. கனடாவிலிருக்கும் தம்பியிடம் சொல்லி அனுப்புவித்திருந்தார்.

உள்ளறையிலிருந்து துஷாரா எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாமாவுக்குப் போன் எடுத்து, இது கூரை இருக்கிற காருக்கான சாமான், மாத்தித் தாங்கோ எண்டு சொல்லுங்கோவன். ரெண்டு நிமிசக் கதை."

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும். அன்று முழுவதிலும் அவர்கள் சேர்ந்து சொன்னது அந்த ஒன்றைத்தான்.

"நான் நோர்வேயிலை பிறந்தனான், எனக்கு விளங்காது" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருந்தாலும் பிள்ளை சொன்னது குலேந்திரனின் மனதில் வேலை செய்தது. பின்னேரம் பல்கனியில் நின்று, தொண்டையைச் செருமி, யோகநாதனுக்குப் போன் எடுத்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவநாயகி நின்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அந்தச் சாமான் விசயமா..."

"ஓம் ஓம், சொல்லுங்கோ. பொருந்துதோ?"

"அதுதான் அண்ணை, ஒருக்கால் கதைப்பம் எண்டு..."

"பொருந்தாட்டிச் சொல்லுங்கோ என்ன. அதிலை ஒண்டுமில்லை."

கண்ணாடிக்குப் பின்னால் விரல் வேகமாக ஆடியது.

"சே, என்ன அண்ணை! அளவெடுத்துச் செய்த மாதிரி."

"அப்பிடியோ? வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"வைச்சு அளந்து பாத்தனீங்கள்?"

"அளந்தனான் அண்ணை. ஒரு நூல் கூடக் குறையில்லை."

"அப்ப... சந்தோஷம்" என்றார் யோகநாதன். சந்தோஷப்பட்ட குரலாக அது இல்லை. "பூட்டேக்கை நாங்களும் வந்து பாக்கட்டோ?"

"வராமலோ!"

இப்படியாக, அடுத்த சனிக்கிழமை அல்னாபுருவில் ஒரு பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். இடத்தை வாடகைக்கு எடுத்து வெல்டிங் செய்து கொடுக்கும் எமிலியா என்ற பெண் காரை நாலு சில்லும் படிய மேடைமேல் ஏற்றி வைத்திருந்தாள். யோகநாதனின் மனைவி பூமணி ஒரு தட்டத்தில் வாழைப்பழம், வெற்றிலை, சந்தனம், குங்குமம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். தட்டத்தை வைத்துவிட்டு, சலாகைகள் இரண்டுக்கும் பொட்டு வைத்தாள்.

"இதற்கு மேலால் பெயின்ட் அடிக்கலாமா?" என்று எமிலியா கேட்டாள். பூமணி இன்னும் கொஞ்சம் சந்தனம் வைத்தாள்.

அவள் சலாகையைத் தூக்கி அடித்தட்டோடு வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நோர்வேஜிய மொழியில் தெளிவாகச் சொன்னாள்:

"இது கூரை உள்ள காருக்குச் செய்தது. உன்னுடைய காரின் அடியில் தொழிற்சாலையிலேயே ஒரு தடித்த தகடு வைத்திருக்கிறார்கள். கூரை இல்லாததற்கு ஈடாக. இந்தச் சலாகைகள் உட்காரவேண்டுமென்றால் அந்தத் தகட்டை வெட்டவேண்டும். பலம் சேர்ப்பதற்காக இருக்கிற பலத்தை வெட்டப் போகிறோம். எனக்கு இது விளங்கவில்லை."

"என்னவாம்?" என்று யோகநாதன் குலேந்திரனைப் பார்த்துக் கேட்டார்.

முப்பது வருடம் அந்த மொழியிலேயே கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவர் அவர். அது குலேந்திரனுக்கும் தெரியும். ஆனாலும் சம்பந்தி கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

"நல்ல இரும்பாம் அண்ணை. இப்பத்தைக் காலத்திலை இப்பிடிக் கிடையாதாம்."

"அப்பிடியே சொன்னவ?"

"அப்பிடித்தான்."

"இடையிலை ஏதோ வெட்டுறதெண்ட மாதிரி..."

"அது ஒரு சின்னத் தகடு அண்ணை. நகம் வெட்டுற மாதிரி."

"வெட்டாமல் விட ஏலாதோ? எனக்காண்டி எண்டு..."

"நீங்கள் தந்ததைப் பூட்டாமல் நான் என்னத்தைப் பூட்டுறது?"

"இல்லை, நான் கட்டாயப்படுத்தினன் எண்டு..."

"சே, சே. ஆர் சொன்னது?"

எமிலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யார் முடிவெடுக்கிறது?"

குலேந்திரன் யோகநாதனைக் காட்டினார். யோகநாதன் குலேந்திரனைக் காட்டினார்.

"கார் உன்னுடையது" என்றாள் அவள் குலேந்திரனிடம். "நீ சொன்னால் வெட்டுவேன். ஆனால் நான் சொல்லித்தான் வெட்டியது என்று ஒருவரிடமும் சொல்லாதே."

குலேந்திரன் காருக்கு அடியில் போய் நின்று அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். உப்பு அதை மட்டும் அவ்வளவாகத் தின்னவில்லை. ஒரு பனிக்காலம் முழுக்க அவர் படித்த இடத்திலெல்லாம் அந்தத் தகட்டைப் பற்றி ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கழற்று, அதில் கைவைக்காதே. திரும்பிப் பார்த்தார். பூமணி தட்டத்தோடு நின்றாள். சிவநாயகி கண்ணாலேயே வெட்டச் சொன்னாள்.

"வெட்டு" என்றார்.

தீப்பொறி பறந்தபோது யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சத்துக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். பொறி அடங்கியதும் மெல்ல வந்து, "வெல்டிங்கை விட்டிட்டுப் போல்ட்டிலை பூட்டினால் நல்லதில்லையோ?" என்று கேட்டார். "பிறகு கழட்டலாம்தானே. தேவையெண்டால்."

சம்பந்தி யோசனை சொல்லிவிட்டார். வெல்டிங்தான் பலம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த குலேந்திரன், "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. எமிலியா காரை இறக்கி முற்றத்தில் விட்டாள். "இந்த முற்றத்துக்குள் மட்டும் ஓடு. வீதிக்குக் கொண்டுபோகாதே" என்றாள். கலியாணத்தன்று ஏறப்போவது நான்கு பேர். ஆகவே நான்கு பேர் ஏறிப் பார்க்கவேண்டும். முன்னால் குலேந்திரனும் யோகநாதனும், பின்னால் சிவநாயகியும் பூமணியும். கூரை மடிந்து பின்னால் கிடந்தது. சிவநாயகி கையை வெளியே நீட்டி, பார்க்க ஆளில்லாத முற்றத்தில், கதவின் மேல் ராணி மாதிரி வைத்துக்கொண்டாள்.

கார் ஒரு சுற்றுச் சுற்றியது. வாய்க்கால் மூடியொன்றின் மேல் ஏறி இறங்கியபோது அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை, ஒருவர் பெருமூச்சு விட்ட மாதிரி. குலேந்திரன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கதவின் கைப்பிடியை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். தோளால் இடித்தார்.

"அண்ணை, உங்கடை பக்கம் ஒருக்கால்..."

"இதுவும் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு."

எமிலியா வந்து வெளியிலிருந்து இழுத்தாள். முழங்காலில் நின்று அடியைப் பார்த்தாள். எழும்பித் தலையை ஆட்டினாள்.

"நடு தாழ்ந்துவிட்டது. முன்பு இருந்ததைவிட. அந்தத் தகட்டைப் புதிதாகச் செய்து போடவேண்டும், அதற்கு முதல் முழு உடலையும் நிமிர்த்தவேண்டும். கலியாணம் எப்போது?"

"ஆவணியிலை" என்று குலேந்திரன் தமிழிலேயே சொன்னார். அவளுக்கு எப்படியோ விளங்கியது.

"முடியாது" என்றாள். "இந்த வருடம் முடியாது."

குலேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மண்டபத்து வாசல், மேளம், கூட்டம், சிவப்புக் காரின் கதவைத் திறந்து மகளுக்குக் கை கொடுக்கும் ஓர் அப்பா. அவ்வளவையும் அவர் இத்தனை மாதமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய தூறல் விழத் தொடங்கியது. நான்கு பேரும் கூரையில்லாத காரில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்கள் முதல் தாண்டி இறங்குங்கோ அண்ணை" என்றார் குலேந்திரன்.

"இல்லையில்லை, நீங்கள் இறங்குங்கோ. உங்கடை கார்."

"நீங்கள் பெரியவர்."

"அதுக்கென்ன, நான் இருக்கிறன்."

ஒருவரும் இறங்கவில்லை. எமிலியா ஏணி எடுக்க உள்ளே போனாள். பின்னால் சிவநாயகி சேலைத் தலைப்பை எடுத்துத் தலைக்கு மேல் போட்டு, பாதியைப் பூமணிக்கும் பிடித்தாள். பூமணி அதற்குள் குனிந்துகொண்டாள். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் மெதுவாகச் சொன்னாள், ஆனால் கூரையில்லாத கார்.

"அக்கா, நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. பெட்டி வந்த அண்டைக்கே தம்பி போன் எடுத்துச் சொல்லி இவருக்குத் தெரியும், பிழையான சாமானை அனுப்பிப்போட்டார் எண்டு. எப்பிடியும் நீங்கள் திருப்பித் தருவியள், உடனை மாத்திக் குடுப்பம் எண்டு சரியானதையும் எடுத்து வீட்டிலை வைச்சுக்கொண்டு இருக்கிறம். நீங்கள் ஏனக்கா திருப்பித் தரேல்லை?"