நெற்றிக்காசு

"அம்மா, இதக் கேளுங்க. இன்னும் இருபது வருசத்துல காசே தேவப்படாதாம். எல்லா வேலையையும் மெசின் செஞ்சிருமாம். வேணுங்கிறத எடுத்துக்கிடலாமாம்."

சசி போனை நீட்டினான். யாரோ பெரிய பணக்காரன் பேசிக்கொண்டிருந்தான். கீழே தமிழில் எழுத்து ஓடியது. வெள்ளையம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. அவள் கேட்காத வாக்கா? தனி வீடு என்றார்கள், காணி என்றார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரையின் ஓட்டைத் தகரம்கூட மாறவில்லை.

"அப்பிடின்னா அவரு கையில இருக்கிறத இப்பவே இங்க அனுப்பச் சொல்லு. நேத்து கொழுந்து கொறஞ்சிருச்சின்னு எனக்கு அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளத்த வெட்டிட்டாங்க. அரிசிக்கடையில இந்த வீடியோவையா காட்டுறது?"

சசி சிரித்தான். வெளியே மழை விட்டபாடில்லை. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக்கல் தோண்டும் குழியொன்றில் அவனுக்கு நாள்கூலி.

"இன்னைக்கிப் போகலம்மா. மண்ணெல்லாம் ஊறிக் கெடக்கு."

அவள் வாய் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம், பாழாய்ப்போன வாய்.

"காசில்லாத காலம் வந்தப்புறம் படுத்துத் தூங்கு. இப்பக் கெளம்பு."

பஸ்ஸுக்கு ஒரு இருபது ரூபாக் குத்தியும் ஒரு பத்து ரூபாக் குத்தியுமாய் இரண்டு நாணயங்களைக் கொடுத்தாள். மத்தியானம் குழி இடிந்து விழுந்தது.

மறுநாள் உடலைக் கொண்டுவந்து குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். சடங்கு செய்யும் சின்னத்தம்பி கை நீட்டினார்.

"தங்கச்சி, நெத்தியில வைக்கக் காசு வேணும்."

நெற்றியில் சந்தனம் தடவிக் காசு ஒட்டாமல் அந்தத் தோட்டத்தில் யாரையும் தூக்குவதில்லை. வெள்ளையம்மா முந்தானை முடிச்சைத் தடவினாள். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த உடுப்புப் பையை, கூட வேலை செய்த கிருஷ்ணகுமார் எடுத்து வந்தான். சட்டைப் பையில் சேறு அப்பிய இரண்டு குத்திகள் இருந்தன.

"பஸ்ஸுல வரலியா?" என்று கேட்டாள்.

"தெனமும் நடந்துதாங்க வருவான், மூணு மைலும். பஸ் காசு அம்மாவுக்கு அரைப்பேர் விழுற நாளைக்கி ஆகும்பான்."

காசே தேவைப்படாது என்று சொன்ன பிள்ளை, முப்பது ரூபாய்க்காக மழையில் நடந்திருக்கிறான்.

இருபது ரூபாயைக் கழுவி நெற்றியில் வைத்தாள். சந்தனம் நீர்த்திருந்ததால் காசு நழுவியது. திரும்ப வைத்து விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"தூக்கணும் தங்கச்சி. கைய எடு."

"போகலன்னுதாண்ணே சொன்னான்," என்றாள். "நாந்தான் அனுப்புனேன்."

விரலை அவள் எடுக்கவில்லை.